தீர்ப்பின் கடைசிப் பத்தி: விசாரணை நீதிபதிகளுக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாட்டின் குற்றவியல் நடுவர்கள், அமர்வு நீதிபதிகள், மகிளா மற்றும் போக்சோ சிறப்பு நீதிமன்ற நீதிபதிகள், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்களின் செயலாளர்கள்.

பொருள்: குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்கு நீதிமன்றம் அறிவிக்கும் இழப்பீடு அவர் கைக்குப் போய்ச் சேர்வது குறித்து.

ஐயா, அம்மையீர்,

வணக்கம்.

"எதிரி குற்றவாளி எனத் தீர்மானித்து, ஓராண்டு கடுங்காவல் தண்டனையும் ரூ.10,000 அபராதமும், அபராதம் கட்டத் தவறினால் மேலும் மூன்று மாதம் மெய்க்காவல் தண்டனையும் விதிக்கப்படுகிறது. அபராதத் தொகையில் ரூ.8,000-ஐ அ.சா.2-க்கு இழப்பீடாக வழங்க உத்தரவிடப்படுகிறது."

எந்தக் குற்றவியல் நீதிமன்றத்திலும் தட்டச்சாகி வெளியே வரக்கூடிய பத்திதான் இது. படித்தால் குறை தெரியாது. ஆனால் இதை நம்பி அந்த அ.சா.2, அதாவது அரசுத் தரப்பின் இரண்டாம் சாட்சியான பாதிக்கப்பட்டவர், எட்டு ரூபாய்கூடக் கண்ணால் பார்க்காமல் போகலாம். ஏன் என்று ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்துக் காட்டவும், பத்தியை எப்படி எழுதினால் பணம் நகரும் என்று சொல்லவும்தான் இந்த மடல். புதுச் சட்டம் எதுவும் கேட்கவில்லை. இருக்கும் சட்டமே தாராளமாகப் போதும்.

முதல் முடிச்சு "அபராதத் தொகையில்" என்ற சொல்லிலேயே இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 357(1), அதன் இடத்தில் வந்த பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) பிரிவு 395(1), இரண்டுமே பேசுவது வசூலான அபராதத்தைப் பற்றி. எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், பணம் கட்டாமல் மூன்று மாதம் கூடுதலாக உள்ளே இருந்துவிட்டு வந்தால், கோப்பைப் பொறுத்தவரை கணக்கு முடிந்தது. எட்டாயிரம் எங்கிருந்து வரும்? வசூலிக்க வழி இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறோம். ஆனால் அந்த வழியில் யாரும் போகாததற்குக் காரணம், போகச் சொல்லி இந்தப் பத்தி யாருக்கும் சொல்லவில்லை.

பணம் கட்டப்பட்டாலும் உடனே தர முடியாது. மேல்முறையீட்டுக்கு உரிய வழக்கில், மேல்முறையீட்டுக் காலம் முடியும் வரை தொகையைக் கொடுக்கக் கூடாது என்கிறது உட்பிரிவு 2. நடுவர் தீர்ப்பிலிருந்து அமர்வு நீதிமன்றத்துக்கு 30 நாள், அமர்வு நீதிமன்றத்திலிருந்து உயர் நீதிமன்றத்துக்கு 60 நாள். மேல்முறையீடு தாக்கலானால் அது முடியும் வரை. அதற்குள் பாதிக்கப்பட்டவர் ஊர் மாறியிருப்பார், செல்போன் எண் மாறியிருக்கும். தொகை நீதிமன்றக் கணக்கில் கிடக்கும். இவர் மனுப் போட்டால்தான் அது வெளியே வரும். மனுப் போட வேண்டும் என்பது இவருக்குத் தெரியாது, ஏனென்றால் தீர்ப்பு நகலே இவருக்குப் போகவில்லை. சிறைத்தண்டனை பெற்ற எதிரிக்குத் தீர்ப்பு நகல் அன்றே இலவசம். அடிபட்டவர் மட்டும் நகல் விண்ணப்பம் போட்டு, கட்டணம் கட்டி, காத்திருக்க வேண்டும். இந்த முரண் கண்ணை உறுத்துகிறது. சட்டம் மாறும்வரை, உத்தரவின் அந்த ஒரு பக்கத்தையாவது பாதிக்கப்பட்டவருக்கு அனுப்பும்படி அலுவலகத்துக்குச் சொல்ல எந்தப் பிரிவும் தடையாக இல்லை.

இரண்டாவது முடிச்சு தொகையின் அளவு. முதல் வகுப்பு நடுவர் விதிக்கக்கூடிய அபராதத்துக்கு நீண்ட நாள் ரூ.10,000 என்ற வரம்பு இருந்தது. பி.என்.எஸ்.எஸ். அதை ரூ.50,000 ஆக்கியிருக்கிறது. இரண்டாம் வகுப்பு நடுவருக்கு ரூ.10,000. ஆகவே அபராதத்திலிருந்து இழப்பீடு என்ற பாதையில் போனால் இந்தச் சுவரில்தான் முட்டிக்கொள்ள வேண்டும். பக்கத்திலேயே வேறொரு வாசல் திறந்திருக்கிறது: உட்பிரிவு 3. அபராதம் இல்லாத தண்டனை விதிக்கும்போது, எதிரி இவ்வளவு இழப்பீடு தர வேண்டும் என்று ஆணையிடலாம். அதற்கு ரூபாய் வரம்பே கிடையாது. உச்ச நீதிமன்றம் இதை 1988-லேயே ஹரி சிங் வழக்கில் தாராளமாகப் பயன்படுத்தச் சொன்னது. நடுவரின் அபராத வரம்பு உட்பிரிவு 3-ஐக் கட்டுப்படுத்தாது என்பதும் 1999-ல் ஒரு காசோலை வழக்கில் தெளிவாகிவிட்டது.

இங்கே அடிக்கடி நேரும் தவறு ஒன்று. அபராதமும் விதித்து, அதோடு உட்பிரிவு 3-இன்கீழ் தனியாக இழப்பீடும் என்று எழுதிவிடுவது. அபராதம் தண்டனையின் ஒரு பகுதியாக இருக்கும்போது உட்பிரிவு 3 வேலை செய்யாது. மேல்முறையீட்டில் முதலில் உடைவது அந்த வரிதான். பிரிவைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். உதாரணமாக, ஆபத்தான ஆயுதத்தால் காயம் உண்டாக்குவதற்கான, புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 118(1)-இல் மூன்றாண்டு வரை சிறை, அல்லது ரூ.20,000 வரை அபராதம், அல்லது இரண்டும். இங்கே அபராதத்தை விட்டுவிட்டு, சிறையோடு 395(3) இழப்பீடு என்று போக முடியும். "அபராதத்துக்கும் உள்ளாவார்" என்று முடியும் பிரிவுகளில் அபராதத்தையே போதுமான அளவு விதித்து, அதை முழுதாக உட்பிரிவு 1-இன்கீழ் திருப்பிவிடுவதுதான் பத்திரம். எதிரியை நன்னடத்தையில் விடுவித்தால் 395 தேவையே இல்லை. 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின் பிரிவு 5 தனியே இழப்பீட்டுக்கு வழி செய்கிறது. பெரும்பாலும் மறந்துபோகும் பிரிவு அது.

எண்களைக் குறிப்பதிலும் கவனம் வேண்டும். 2024 ஜூலை 1 அன்று நிலுவையில் இருந்த விசாரணைகள் பழைய நடைமுறைச் சட்டப்படியே நடந்து முடியும். அவற்றில் 357 என்றுதான் எழுத வேண்டும். புதிய வழக்குகளில் 395. எதிரியிடமிருந்து அல்லாமல், அரசு நிதியிலிருந்து சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக இழப்பீடு தரும் பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டத்துக்குப் பழைய 357ஏ, இப்போது 396.

செக் கேஸ்களைப் பாருங்கள். அங்கே இழப்பீடு ரூபாய் சுத்தமாகக் கணக்கிடப்படுகிறது, தவணை வருகிறது, தவறினால் என்ன என்பது வருகிறது. காரணம், புகார்தாரரின் வழக்கறிஞர் பக்கத்திலேயே நிற்கிறார். அரிவாள் வெட்டு வழக்கில் அப்படி யாரும் நிற்பதில்லை. அரசு வழக்கறிஞர் தண்டனை வாங்கித் தருவதோடு தன் வேலை முடிந்ததாக நினைக்கிறார். சட்டம் ஒன்றுதான், வாய் இருப்பவருக்கு ஒரு மாதிரி நடக்கிறது.

தொகையை எப்படிக் கணக்கிடுவது என்பதுதான் மடலின் கனமான பகுதி. இழப்பீடு குறித்து ஒவ்வொரு வழக்கிலும் நீதிமன்றம் மனதைச் செலுத்த வேண்டும், தருவதானாலும் மறுப்பதானாலும் காரணம் எழுத வேண்டும் என்று 2013-ல் அங்குஷ் சிவாஜி கெய்க்வாட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் மனதைச் செலுத்தக் கோப்பில் ஏதாவது இருக்க வேண்டுமே! மருத்துவர் சாட்சிக்கூண்டில் காயத்தின் நீள அகலத்தைச் சொல்கிறார், கொடுங்காயம் என்கிறார், இறங்கிப் போய்விடுகிறார். காயம்பட்டவர் யார் வெட்டினார் என்று சொல்கிறார். எத்தனை நாள் படுக்கை, எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை, நாள் கூலி என்ன, கையிலிருந்து எவ்வளவு செலவு? இந்த நான்கு கேள்விகளை முதல் விசாரணையில், அதாவது அரசு வழக்கறிஞர் சாட்சியைக் கேட்கும் கட்டத்தில், கேட்க நான்கு நிமிடம் போதும். கேட்காமல் விட்டால் பிறகு நீதிபதி ஊகத்தில்தான் எண் போட வேண்டியிருக்கும். ஊகத்தில் போட்ட எண் சின்னதாகத்தான் இருக்கும்.

கோப்பில் சேர வேண்டிய தாள்களும் அதிகமில்லை. ஏ.ஆர். காப்பி (மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் நகல்), டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துக்கடை ரசீதுகள், நிரந்தர ஊனம் இருந்தால் மாற்றுத்திறன் சதவீதச் சான்று. அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம் என்பதால் செலவே இல்லை என்று முடிவுகட்டிவிட வேண்டாம். துணைக்கு இருந்தவரின் கூலி போனது, பேருந்து ஆட்டோச் செலவு, வெளியே எடுத்த ஸ்கேன், எல்லாம் செலவுதான். ரசீது இல்லை என்றால் உறுதிமொழிப் பத்திரம் வாங்கலாம். கடைசி மாத்திரை வரை பில் காட்டச் சொல்வது இழப்பீட்டை மறுப்பதற்கான நாகரிகமான வழி, வேறொன்றுமில்லை.

அடுத்து எதிரியின் வசதி. கொடுக்க முடியாத தொகையை எழுதினால் உயர் நீதிமன்றங்களில் நிற்காது. 1977-ல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு கொலை வழக்கில், இறந்தவரின் பிள்ளைகளுக்காக விதிக்கப்பட்ட ரூ.20,000 அபராதத்தை உச்ச நீதிமன்றம் ரூ.3,000 ஆகக் குறைத்தது. ஆயுள் தண்டனையோடு பெரிய அபராதம் பொருந்தாது என்பது அங்கே சொன்ன காரணம். அதற்காக எல்லா எதிரியும் ஏழை என்று வைத்துக்கொள்ளவும் வேண்டாம். டெல்லி உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2020 நவம்பரில் கரண் வழக்கில் ஒரு நடைமுறை வகுத்தது. குற்றவாளி என்று தீர்மானித்ததும், 10 நாளுக்குள் எதிரி தன் சொத்து, வருமான விவரத்தை உறுதிமொழிப் பத்திரமாகத் தர வேண்டும். சட்டப் பணிகள் ஆணைக்குழு சுருக்கமாக விசாரித்து, பாதிப்பட்டவரின் இழப்பையும் எதிரியின் வசதியையும் 30 நாளுக்குள் அறிக்கையாகத் தர வேண்டும். பிறகு இரு தரப்பையும் கேட்டு உத்தரவு. இது நம்மைக் கட்டுப்படுத்தும் தீர்ப்பல்ல. ஆனால் நல்ல அச்சு. தண்டனை குறித்து எதிரியைக் கேட்கும் கட்டம் ஏற்கெனவே நம் சட்டத்தில் இருக்கிறது. அன்றே, அதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பாதிக்கப்பட்டவரையும் கேட்கலாம், எதிரியிடம் பட்டா, வாகனம், சம்பள விவரத்தையும் வாங்கலாம். இந்த விவரம் இன்னொரு விதத்திலும் உதவும். பிறகு வசூலிக்கப் போகும்போது எதை ஜப்தி செய்வது என்று தேட வேண்டியதில்லை.

இறந்தவர் வழக்கில் ஒரு சின்னக் கண்ணி உண்டு. 395(1) மரண இழப்பீட்டை 1855-ஆம் ஆண்டின் கொடுவிபத்துச் சட்டத்தோடு பிணைக்கிறது. அதில் உரிமையுள்ளவர் கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளை மட்டும். திருமணமாகாத அண்ணன் சம்பளத்தில் படித்துக்கொண்டிருந்த தங்கைக்கு அந்த வழியில் எதுவும் வராது. அவளுக்கு 396-இன்கீழ், அவரைச் சார்ந்திருந்தவர் என்ற முறையில்தான் பரிந்துரைக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் "சட்டப்பூர்வ வாரிசுகளுக்கு" என்று பொதுவாக எழுதினால், தாசில்தார் அலுவலக வாரிசுச் சான்றிதழுக்காக ஒரு நடை, அதில் ஒரு பெயர் பிழை, திருத்த இன்னொரு நடை. சாட்சியத்திலேயே உறவு நிரூபணமாகியிருக்கும்போது பெயரும் பங்கும் குறிப்பிட்டு எழுதிவிட்டால் அந்த நடைகள் மிச்சம்.

இனி வசூல். இழப்பீட்டு உத்தரவை அபராதம்போலவே வசூலிக்கலாம் என்கிறது பி.என்.எஸ்.எஸ். 471. எப்படி என்பது 461-இல் இருக்கிறது. அசையும் சொத்தை ஜப்தி செய்து விற்க வாரண்ட் ஒரு வழி. மாவட்ட ஆட்சியருக்கு வாரண்ட் அனுப்பி, நிலவரிப் பாக்கிபோல அசையும், அசையாச் சொத்திலிருந்து வசூலிக்கச் செய்வது இன்னொரு வழி. கூடுதல் சிறையை அனுபவித்துவிட்டான், இனி வசூலிக்க முடியாது என்று அலுவலகங்களில் சொல்லும் பதில் தவறு. அபராதத்திலிருந்து இழப்பீடு தர உத்தரவு இருந்தால் வாரண்ட் அனுப்பலாம் என்று பிரிவின் வரம்பு வாசகமே சொல்கிறது. 2017-ல் குமரன் எதிர் கேரள அரசு வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. தவறினால் சிறை என்று இழப்பீட்டு உத்தரவோடு சேர்த்து எழுதலாமா என்ற சந்தேகமும் 2009-லேயே தீர்ந்துவிட்டது: எழுதலாம். ஆட்சியருக்குப் போகும் வாரண்டோடு சர்வே எண், கிராமம், வாகனப் பதிவு எண் இணைந்திருக்க வேண்டும். வெறும் பெயரும் முகவரியும் வைத்து அனுப்பிய வாரண்ட் வட்டாட்சியர் மேசையில் தூங்கும். கிராம நிர்வாக அலுவலர் "சொத்து ஏதும் இல்லை" என்று ஒற்றை வரியில் திருப்பிவிட்டால் கோப்பு மூடிக்கொள்ளும்.

மேலே காட்டிய பத்தியை இப்படி எழுதிப் பார்க்கலாம். எண்கள் மாதிரிக்கு:

"பி.என்.எஸ். 118(1)-இன்கீழ் எதிரிக்கு ஓராண்டு கடுங்காவல் தண்டனை விதிக்கப்படுகிறது. அபராதம் விதிக்கப்படவில்லை. பி.என்.எஸ்.எஸ். 395(3)-இன்கீழ் எதிரி அ.சா.2-க்கு ரூ.70,000 இழப்பீடு தர வேண்டும். இதில் மருத்துவச் செலவு ரூ.18,400, 46 நாள் கூலி இழப்பு, நாளொன்றுக்கு ரூ.600 வீதம் ரூ.27,600, போக்குவரத்து, துணையாள் ரூ.4,000, வலி, வேதனை ரூ.20,000. எதிரி தாக்கல் செய்த சொத்து விவரத்தைக் கருதி, தொகையை 30 நாள் இடைவெளியில் இரண்டு சமத் தவணைகளாக இந்நீதிமன்றத்தில் செலுத்த வேண்டும். தவறினால் இரண்டு மாதம் மெய்க்காவல். அதை அனுபவித்தாலும் தொகை 461, 471 பிரிவுகளின்படி வசூலிக்கப்படும்; அதற்காக இவ்வழக்கு இன்ன தேதிக்கு அலுவலகத்தால் வைக்கப்பட வேண்டும். அ.சா.2-இன் வங்கி விவரம் தனி உறையில் கோப்பில் உள்ளது. இத்தொகை அ.சா.2-இன் இடது கை ஊனத்துக்கு ஈடாகாது என்பதால் 396(3)-இன்கீழ் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் பரிந்துரைக்கப்படுகிறது. இவ்வுத்தரவின் நகல், காயச் சான்று, ஊனச் சான்று ஆகியவற்றை அலுவலகம் ஏழு நாளுக்குள் ஆணைக்குழுவுக்கு அனுப்ப வேண்டும். உத்தரவின் நகல் அ.சா.2-க்கும் அனுப்பப்பட வேண்டும்."

நீளம்தான். ஆனால் இதில் எந்த வாக்கியத்தை எடுத்தாலும் ஒரு கதவு மூடிக்கொள்ளும். குறிப்பாக அந்தத் தேதி. மறுபடி வைக்கும் தேதி இல்லாத வசூல் உத்தரவை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

மாதிரியின் பிற்பகுதியில் வரும் "பரிந்துரைக்கப்படுகிறது" என்ற சொல்லைக் கவனியுங்கள். பல தீர்ப்புகளில் அதற்குப் பதிலாக "பாதிக்கப்பட்டவர் உரிய ஆணைக்குழுவை அணுகிக்கொள்ளலாம்" என்று வருகிறது. இரண்டும் ஒன்றல்ல. அணுகிக்கொள்ளலாம் என்பது சுமையைத் தூக்கி அடிபட்டவர் தலையில் வைப்பது. அவர் போனால், "கோர்ட் பரிந்துரை எங்கே?" என்ற கேள்வி வரும். பரிந்துரை என்றால் நீதிமன்றமே ஆணைக்குழுவுக்கு அனுப்ப வேண்டும். பரிந்துரை கிடைத்த நாளிலிருந்து ஆணைக்குழுவுக்கு இரண்டு மாதக் கெடு ஓடத் தொடங்கும்.

396-இன் பரப்பும் பலருக்குத் தெரிந்ததைவிடப் பெரியது. எதிரி விசாரணை முடிந்து விடுதலையானாலும், விசாரணைக்கு முன்பே விடுவிக்கப்பட்டாலும் பாதிக்கப்பட்டவருக்கு மறுவாழ்வு தேவை என்றால் பரிந்துரைக்கலாம். எதிரி யாரென்றே தெரியாமல் வழக்கு விசாரணைக்கே வராவிட்டால், பாதிக்கப்பட்டவரோ அவரைச் சார்ந்தவரோ நேரே ஆணைக்குழுவுக்கு விண்ணப்பிக்கலாம். விடுதலைத் தீர்ப்பு எழுதும்போது ஒரு வரி கூடுதலாக வேண்டும்: சம்பவம் நடந்தது உண்மை, செய்தவர் இந்த எதிரிதான் என்பது மட்டுமே நிரூபிக்கப்படவில்லை. அந்த வரி இல்லாமல் போனால், குற்றமே நடக்கவில்லை என்று ஆணைக்குழு எடுத்துக்கொண்டு விண்ணப்பத்தைத் தள்ளிவிடும். உடல் காயம், பாலியல் வன்முறை வழக்குகளில், அதிலும் குழந்தைகள், பெண்கள் விஷயத்தில், இழப்பீடு பற்றி அமர்வு நீதிமன்றங்கள் உத்தரவிட்டே ஆக வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதை இங்கே நினைவூட்டுகிறோம்.

ஆணைக்குழுச் செயலாளர்களுக்கு இனிச் சில வார்த்தை. நிபுன் சக்சேனா வழக்கில் 2018 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஏற்ற பெண்களுக்கான இழப்பீட்டுத் திட்டம் அந்த ஆண்டு அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் அட்டவணையில் உயிரிழப்புக்கு 5 முதல் 10 லட்சம், கூட்டு வன்கொடுமைக்கு 5 முதல் 10 லட்சம், வன்கொடுமைக்கு 4 முதல் 7 லட்சம், அமிலத்தால் முகம் சிதைந்தால் 7 முதல் 8 லட்சம். பாதிக்கப்பட்டவர் சிறுமி என்றால் அட்டவணைத் தொகையில் பாதி கூடுதல். இடைக்கால நிவாரணம் அட்டவணை உச்சத்தில் கால் பங்குக்குக் குறையக் கூடாது. அமிலத் தாக்குதலில் தகவல் வந்த 15 நாளுக்குள் ஒரு லட்சம், அடுத்த இரண்டு மாதத்தில் மேலும் இரண்டு லட்சம். எல்லாம் தாளில் இருக்கிறது. ஆனால் ஏறக்குறைய எல்லா உத்தரவும் அட்டவணையின் கீழ் எண்ணிலேயே வந்து நிற்கிறது. கீழ் எண் தருவதானாலும் காரணம் எழுதுங்கள், மேல்முறையீட்டில் பேச அதுதான் ஆதாரம். வெட்டுப்பட்டு ஊனமான ஆணுக்கு இந்த அட்டவணை பொருந்தாது, அவருக்குத் தமிழ்நாட்டின் 2013 திட்டம்தான். ஒரே சம்பவத்தில் காயம்பட்ட கணவனுக்கும் மனைவிக்கும் இரண்டு அளவுகோல் என்பது அவர்களுக்குப் புரிவதில்லை. உண்மையில் யாருக்குமே புரிவதில்லை.

விசாரணைக்குக் காவல் நிலைய அறிக்கை வரவில்லை என்பதுதான் தாமதத்துக்கு வழக்கமான காரணம். பெரும்பாலான வழக்குகளில் அந்த அறிக்கை தேவையே இல்லை. எஃப்.ஐ.ஆர்., ஏ.ஆர். காப்பி, நடுவர் முன் தந்த வாக்குமூலம், குற்றப்பத்திரிகை ஆகியவை இருந்தால் இடைக்காலத் தொகைக்கு முடிவெடுக்கலாம். சாட்சியம் சொல்லி முடிக்கட்டும், பிறழ் சாட்சி ஆகிவிட்டால் என்ன செய்வது என்று நிறுத்திவைப்பது இன்னும் மோசம். குறுக்கு விசாரணையில் "பணத்துக்காகத்தான் சொல்கிறாய்" என்ற கேள்விக்கு நாமே விதை போட்டுக் கொடுத்தாற்போல் ஆகும். இது சிகிச்சைக்கும் மறுவாழ்வுக்குமான தொகை, சாட்சியத்தைச் சார்ந்ததல்ல என்று உத்தரவிலேயே ஒரு வாக்கியம் போட்டால் நல்லது.

போக்சோ வழக்குகளில் 2020 விதிகளின் விதி 9 இன்னும் தெளிவு. எஃப்.ஐ.ஆர். பதிவான பிறகு எந்தக் கட்டத்திலும் இடைக்கால இழப்பீடு, உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் பட்டுவாடா. விதி 8-இன்படி குழந்தைகள் நலக் குழு உணவு, உடை, போக்குவரத்துக்கான உடனடித் தொகையைப் பரிந்துரைத்தால் ஒரு வாரத்துக்குள். பட்டியல் சாதி, பழங்குடி வன்கொடுமை வழக்கில் ஆட்சியர் வழியாக வரும் நிவாரணம் தனி. கொலை வழக்கில் உடற்கூறாய்வுக்குப் பின் பாதி, குற்றப்பத்திரிகை போனதும் பாதி என்று படிப்படியாக வருவது. அது வந்துவிட்டது என்பதற்காக 396 விண்ணப்பத்தை முடித்துவைப்பது சரியல்ல. அந்த நிவாரணம் மற்ற சட்டங்களின்படி இழப்பீடு கேட்கும் உரிமையைப் பாதிக்காது என்று அந்த விதிகளே சொல்கின்றன.

உத்தரவு போட்ட பிறகு வங்கியில் நேரும் விபத்துகள்தான் எல்லாவற்றையும்விட எரிச்சலூட்டுபவை, ஏனென்றால் ஒரு போன் செய்திருந்தால் தவிர்த்திருக்கலாம். கணக்கு சிறு கணக்காக, அதாவது முழு கே.ஒய்.சி. இல்லாமல் திறந்ததாக இருந்தால், இருப்பு ரூ.50,000-ஐத் தாண்டக் கூடாது, ஓராண்டில் மொத்த வரவு ஒரு லட்சத்தைத் தாண்டக் கூடாது, மாதம் ரூ.10,000-க்கு மேல் எடுக்க முடியாது. ஒன்றரை லட்சம் அனுப்பினால் திரும்பி வரும். திரும்பி வந்தது யாருக்கும் தெரியாமல் மாதக்கணக்கில் கிடக்கும். இரண்டாண்டு வரவு செலவு இல்லாத கணக்கு செயலற்றதாகிவிடும். ஆகவே விண்ணப்பத்தோடு பாஸ்புக் முதல் பக்கம் மட்டும் வாங்கினால் போதாது, கடைசி வரவு செலவு உள்ள பக்கமும் வேண்டும். சிறுமியின் கணக்கில் காப்பாளர் பெயரைக் கட்டாயம் பாருங்கள். பள்ளியில் சேர்த்தபோது தந்தையைக் காப்பாளராக வைத்துத் திறந்த கணக்கு, இப்போது அந்தத் தந்தையே எதிரியாக இருக்கக்கூடும்.

பெண்களுக்கான திட்டப்படி தொகையில் 75 சதவீதம் குறைந்தது மூன்றாண்டு வைப்புத்தொகையாக இருக்க வேண்டும், 25 சதவீதம் உடனே கைக்கு. சிறார் என்றால் 80 சதவீதம் வைப்பில், வயது வந்த பிறகுதான் எடுக்கலாம். வட்டி மாதாமாதம் சேமிப்புக் கணக்கில் வர வேண்டும். வங்கிக்கு எழுதும் கடிதத்தில் "மாத வட்டி" என்று தெளிவாக இல்லாவிட்டால், கிளையில் கூட்டு வட்டி வைப்பாகப் போட்டுவிடுவார்கள். மாதச் செலவுக்கு ஆன வட்டி மூன்றாண்டு கழித்துத்தான் கண்ணில் படும். ஆணைக்குழு அனுமதியின்றி இதன்மேல் கடன் தரக் கூடாது, முன்கூட்டி முடிக்கக் கூடாது என்ற வரியும் சேரட்டும். உறவினர் நெருக்கடியில் அடகுக்குப் போகும் முதல் பொருள் அந்த ரசீதுதான். அதே கடிதத்தின் பொருள் வரியில் "போக்சோ வழக்கு எண் இத்தனை, பாதிக்கப்பட்ட சிறுமிக்கு இழப்பீடு" என்று எழுதாதீர்கள். ஊர்க் கிளையின் எழுத்தர் அந்தச் சிறுமியின் அடுத்த தெருக்காரராக இருக்கலாம். ஆணைக்குழுவின் கோப்பு எண் மட்டும் போதும்.

தொகை குறைவு என்றால் பாதிக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம். பி.என்.எஸ்.எஸ். 413-இன் வரம்பு வாசகத்தில் விடுதலை, சிறிய பிரிவில் தண்டனை என்பவற்றோடு போதாத இழப்பீடும் ஒரு காரணமாக இருக்கிறது. இதைத் தீர்ப்பின் கடைசியில் ஒரு வரியாகச் சொல்லி, இலவச வழக்கறிஞருக்கு எங்கே போக வேண்டும் என்றும் சொல்லலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு வருமானம் பார்க்காமலே சட்ட உதவி உண்டு.

மோசடி வழக்குகளுக்குத் தனி வழி இருப்பதால் இங்கே நீட்டவில்லை. குற்றத்தால் வந்த சொத்து என்று நீதிமன்றம் கண்டால், பி.என்.எஸ்.எஸ். 107-இன்கீழ் மாவட்ட நடுவர் வழியாக இழந்தவர்களுக்கு விகிதாசாரப்படி 60 நாளுக்குள் பிரித்துத் தரலாம் என்பதை மட்டும் குறித்துவைக்கிறோம்.

கடைசியாக ஒரு கோரிக்கை. நீதிமன்றத்தின் பரிந்துரைகளும் ஆணைக்குழுவின் வரவுப் பதிவேடும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று மாதம் ஒருமுறை தலைமை எழுத்தரும் ஆணைக்குழு அலுவலரும் உட்கார்ந்து டிக் அடித்துப் பார்க்க வேண்டும். ஐந்து நெடுவரிசைகள் போதும்: வழக்கு எண், பரிந்துரைத்த தேதி, ஆணைக்குழுவில் பதிவான தேதி, உத்தரவுத் தொகை, வங்கியில் வரவான தேதி. நான்காவது நெடுவரிசை வரை நிரம்பி ஐந்தாவது காலியாக இருக்கும் வரிகளை முதலில் எடுங்கள். அவற்றுக்குப் புதிய உத்தரவு எதுவும் வேண்டாம், சரியான கணக்கு எண் வாங்கிப் பணத்தை மறுபடி அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
பாதிக்கப்பட்டோர் தரப்பில் வழக்கு நடத்தும் வழக்கறிஞர்களும் சட்டத் தன்னார்வலர்களும்